பின்னிருக்கையின் விரிப்பு

நான்கு துளை, நான்கு ரிவெட், உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியத் தகடு. சகினாலியும் அவர் மகள் பெரிசாத்தும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை அவ்வளவுதான். செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஏரிக்கரையில் சுற்றுலாக் கூட்டம் வடிந்துவிட்டிருந்தது. அவர் தகட்டைப் படகின் உட்பக்கச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் துளையிட்டாள்.

தகட்டில் பொறித்திருந்தது: ஆறு பேர், 480 கிலோ.

பெரிசாத் பிஷ்கெக்கில் லிஃப்ட் பரிசோதகர். நகரத்தில் அவள் கையெழுத்துப் போட்ட தகடுகள் இருநூறுக்கு மேல் தொங்கின. தம்பி தெமிர்லானின் கல்யாணத்துக்காக விடுப்பில் வந்தவள், அப்பாவின் படகுக்கும் ஒன்று செய்து கொண்டுவந்திருந்தாள்.

"இனிமே யாரும் உங்ககிட்ட வாதாட முடியாது. தகட்டைக் காட்டுங்க, முடிஞ்சுது."

"லிஃப்ட்டுல யாரு எந்த மூலையில நின்னா என்ன மகளே? படகு அப்படியில்ல. எத்தனை பேருங்கிறது அப்புறம். யாரு எங்க உக்காருறாங்க, அதான் சமாச்சாரம்."

"அதுக்காக ஒரு கிழிஞ்ச விரிப்பைப் போட்டு ஊரை ஏமாத்திக்கிட்டே இருக்கணுமா?"

"ஏமாத்தலடி. மரியாதை பண்றேன்."

அவள் அப்போதுதான் பின்னிருக்கையைப் பார்த்தாள். வெறும் பலகையாக இருந்தது.

"எங்க அது?"

"ஓரம் பிரிஞ்சுபோச்சு. நேத்துக் கரகோல் போயி தையல்காரிகிட்டக் குடுத்துட்டு வந்தேன். வியாழக்கிழமை போயி வாங்கணும்."

"இனிமே அது எதுக்கு? அதான் தகடு இருக்கே."

அவர் சிரித்தார். ரிவெட்டின் தலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "நல்லா அடிச்சிருக்கே" என்றார்.

அந்த விரிப்பு, பெரிசாத்தின் அம்மா சீதனமாகக் கொண்டுவந்த ஷிர்தாக். சிவப்பும் கறுப்புமாக ஆட்டுக்கொம்பு வடிவம் வெட்டித் தைத்த கம்பளி. அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. விரிப்பு படகுக்கு வந்தது அதற்கு வெகுகாலம் முன்பே. கிர்கீசியர் வீட்டில் வாசலுக்கு நேர் எதிரே, உள்ளே தள்ளி இருக்கும் இடத்துக்குத் 'தோர்' என்று பெயர். வந்தவர்களில் மூத்தவர் அங்கேதான் உட்கார வேண்டும். வாசலோரம் இளையவர்களுக்கு. சகினாலியின் படகு பின்புறமாகத் துறையில் கட்டியிருக்கும். எஞ்சினுக்குப் பக்கத்தில் பலகை போட்டு ஏற வேண்டும். அப்படியானால் வாசல் பின்புறம். தோர் எது? படகின் மூக்கு. ஏறுகிற கிழவர்கள் எல்லாரும், யாரும் சொல்லாமலே, நேராக மூக்குக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். மூக்கில் கனம் ஏறினால் படகு தலைகுனிந்து ஓடும். குனிந்த படகு அலையைக் குடிக்கும். கிழவரை எழுப்பிப் பின்னால் போகச் சொல்லவும் முடியாது. அது அவரை வாசற்படிக்கு விரட்டுவதாகும்.

ஆகவே அவர் பின்னிருக்கையில் சீதன விரிப்பைப் போட்டார். "பெரியவரே, தோர் இங்க இருக்கு" என்பார். கிழவர்கள் விரிப்பைப் பார்ப்பார்கள், தாடியைத் தடவுவார்கள், உட்காருவார்கள். முப்பத்தொரு கோடைகாலம் இப்படித்தான் ஓடியது.

சகினாலி பத்தொன்பது வயதில், சானடோரியம் எனப்படும் ஓர் அரசு ஓய்வில்லத்தின் படகுத்துறையில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். பழைய நாடு உடைந்து கிர்கீசியருக்குத் தனிநாடு வந்தபோது துறையை மூடிவிட்டார்கள். ஓட்டை விழுந்து புல்லில் கிடந்த ஐந்து மீட்டர் படகை மாட்டுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டுப்போட்டார். நீந்தத் தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம்தான் அவருக்குப் பயம் அதிகம். லைஃப் ஜாக்கெட் போட்ட ஒவ்வொருவரையும் தோள்பட்டையில் பிடித்து, பூனைக்குட்டியைத் தூக்குவது போல மேலே இழுத்துப் பார்ப்பார். ஜாக்கெட் காதுவரை வந்தால் வாரை இறுக்குவார். மந்திரியானாலும் சரி, மணப்பெண்ணானாலும் சரி. குடித்தவரை ஏற்றமாட்டார். புறப்படும்போது சத்தமாக எண்ணுவார்; திரும்பியதும் எண்ணுவார். அந்த எண்ணிக்கையில் தன்னையும் சேர்த்துக்கொள்வார்.

அவர் மணிக்கட்டில் சிவப்புச் சுருள் கயிறு ஒன்று இருக்கும். மறுமுனை எஞ்சின் சாவிக்குப் பக்கத்தில் செருகியிருக்கும். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். படகு யார் மேலும் ஏறாது. கயிறு போய்விட்டால் எஞ்சினைக் கிளப்ப முடியாது என்பதால் இன்னொரு கயிற்றைத் தேயிலை டப்பாவில் போட்டு ஸ்டீயரிங்குக்கு அடியில் வைத்திருந்தார். ஏறுகிற எல்லாருக்கும் டப்பாவைத் திறந்து காட்டுவார். "நான் தண்ணிக்குள்ள போயிட்டா, இதச் செருகு, சாவியத் திருகு, என்னை வந்து தூக்கு. அழுதுக்கிட்டு நிக்காதே" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

பெண் வீட்டார் நாரினிலிருந்து சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. புதன்கிழமை காலையிலேயே வந்து இறங்கினார்கள். ஐந்து பேர்: பெண்ணின் அப்பா மம்பெதாலி, அவர் மனைவி, அவருடைய தம்பிகள் இருவர், ஒரு தங்கை. மலைக்காரர்கள். மம்பெதாலி நூற்றிருபது கிலோவுக்குக் குறையமாட்டார். தலையில் வெள்ளைக் கல்பாக் தொப்பி அவரை இன்னும் ஒரு சாண் உயர்த்தியது. அடுப்பில் போர்சோக் மாவுத்துண்டுகள் பொரிந்துகொண்டிருந்தன. ஆடு இன்னும் வெட்டவில்லை. கறி வேகும்வரை ஏரியைப் பார்த்துவிடலாம் என்றார் அவர்.

சகினாலி மேற்கே பார்த்தார். பூம் கணவாய்க்கு மேலே வெள்ளையாக ஒரு நூல் மேகம். உலான் என்னும் புயல்காற்று அந்தக் கணவாய் வழியாகத்தான் வரும்.

"மத்தியானத்துக்கு மேல காத்து வரும்போல இருக்கு சம்பந்தி. நாளைக்குப் போவோமே."

"நாளைக்குத் தண்ணி வத்திப்போச்சுன்னா?" என்றார் மம்பெதாலி. தம்பிகள் சிரித்தார்கள்.

"அப்ப ஒரே ஒரு சுத்து. இருபது நிமிஷம்."

துறையில் அவர்களை ஒவ்வொருவராகத் தூக்கிப் பார்த்து வாரை இறுக்கினார். மம்பெதாலிக்கு வாரை முழுவதும் நீட்ட வேண்டியிருந்தது. அவர் ஏறி, வெறும் பலகையாகக் கிடந்த பின்னிருக்கையைத் தாண்டி, நேராக மூக்கில் போய் உட்கார்ந்தார். படகு முன்னால் குனிந்தது.

"சம்பந்தி, இப்படிப் பின்னாடி வந்து உக்காருங்க. அதுதான் நல்ல இடம்."

"கழுத்துப் பக்கம் உக்காருறவன்தான் குதிரைக்காரன். வால் பக்கம் இருக்கிறது பொதி."

"இந்தக் குதிரைக்கு உசுரு வால்லதான் இருக்கு."

முதலில் மம்பெதாலி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "பொண்ணு குடுக்கிற வீட்டுல எனக்கு வாசப்படியா?"

தெமிர்லானின் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, விடுங்க" என்றான் மெதுவாக.

சகினாலி தன் மகளைப் பார்த்தார். அவள் ஏதாவது சொன்னால் அதைச் சாக்காக வைத்துப் படகைக் கட்டிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. பெரிசாத் தகட்டைப் பார்த்தாள். மனதுக்குள் கூட்டினாள்.

"உங்களையும் சேத்து ஆறு பேர்தானேப்பா. எடையும் உள்ளதான் வருது. கணக்கு சரியா இருக்கு. போயிட்டு வாங்க."

அவர் தலையசைத்தார். மேல்கோட்டைக் கழற்றி ஸ்டீயரிங் இருக்கையின் முதுகில் போட்டு, தன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார். மம்பெதாலி கைகளை ஏந்தி ஆசி சொல்ல ஆரம்பித்தார். ஏரிக்கு, கல்யாணத்துக்கு, பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளுக்கு என்று அது நீண்டது. எல்லாரும் முகத்தைத் தடவி ஆமீன் சொன்னபோது மேகம் தடித்திருந்தது. சகினாலி அவசரமாகக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டினார்.

"ஆறு போகுது" என்று துறையைப் பார்த்துச் சொன்னார்.

தேயிலை டப்பாவைக் காட்டவில்லை. படகு நூறு மீட்டர் போன பிறகுதான் அது கரையில் நின்ற பெரிசாத்துக்குத் தோன்றியது.

காற்று மத்தியானம்வரை காத்திருக்கவில்லை. பதினைந்தாவது நிமிடம் நாணல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. பெரிசாத் அப்பாவின் பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். தொள்ளாயிரம் மீட்டர் இருக்கும். அவர் படகைத் திருப்பியிருந்தார். அலைகள் உயரமில்லை, ஆனால் கிட்டக்கிட்ட வந்தன. ஒன்றில் ஏறி இறங்கிய படகு அடுத்ததில் மூக்கைக் குத்தியது. தண்ணீர் உள்ளே விழுந்தது. விழுந்த தண்ணீர் மூக்கிலேயே தேங்கியது. அடுத்த அலை இன்னும் சுலபமாக உள்ளே வந்தது.

இதைக் கணக்காகச் சொல்ல அவளால் முடியும். எடை எங்கே, மிதப்பின் மையம் எங்கே, இன்னும் எத்தனை அலை. வேறு எதுவும் முடியாது.

அப்பா கையை ஆட்டிக் கூப்பிடுவது தெரிந்தது. மம்பெதாலி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். மற்றவர்களும் அசையவில்லை, அண்ணனைத் தாண்டி யார் எழுந்து போவது? அப்பா தன் மேல்கோட்டை உருவினார். அதை உதறி, பின்னிருக்கையில் விரித்தார். நான்கு மூலையையும் இழுத்துவிட்டார். வலது கையை மார்பில் வைத்துக் குனிந்தார்.

அவ்வளவு தூரத்திலிருந்தும் அவர் சொன்னது அவளுக்குத் தெரிந்தது.

மம்பெதாலி எழுந்தார். தடுமாறித் தடுமாறிப் பின்னால் வந்து கோட்டின் மேல் உட்கார்ந்தார். அண்ணன் எழுந்ததைப் பார்த்து நான்கு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பைனாகுலரில் ஆறு தலை இருந்தது. பிறகு ஐந்து இருந்தது.

படகின் மூக்கு நிமிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு அலைகூட உள்ளே விழவில்லை. அவருடைய ஏற்பாடு சரியாக வேலை செய்தது. கயிறும் சரியாக வேலை செய்தது, எஞ்சின் நின்றது. ஓடாத படகைக் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு போயிற்று. அறுபத்துமூன்று வயது ஆள் நீந்துவதைவிட வேகமாகத் தள்ளியது.

"டப்பா! டப்பா!" என்று அவள் கத்தினாள். காற்று அவள் வாயிலிருந்தே அதைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. தெமிர்லான் பக்கத்து வீட்டுக்கு ஓடினான். சீசன் முடிந்து எல்லாப் படகும் கரையேறியிருந்தன. எஞ்சின்களைக் கழற்றிக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். மீட்புப் படகு வர ஐம்பது நிமிடம் ஆகும் என்றார்கள்.

அப்பாவின் போன் கோட்டுப் பையில் இருக்கும். பெரிசாத் கூப்பிட்டாள். யாராவது எடுத்தால் போதும். ஸ்டீயரிங்குக்கு அடியில் டப்பா, சிவப்புக் கயிறு, செருகி, திருகி. பத்து நொடி வேலை. முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். ஒரு கையில் பைனாகுலர், ஒரு கையில் போன். படகில் ஐந்து பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சுப் புள்ளி ஒன்று பின்னால் தனியாக மிதந்தது. முதலில் கை ஆடியது. பிறகு ஆடவில்லை. பதினோரு முறை கூப்பிட்டாள்.

ஐந்து பேரும் நாணல் காட்டில் ஒதுங்கி, நனைந்த காலோடு கரையேறினார்கள். அவரை மீட்புப் படகு கொண்டுவந்தது. ஜாக்கெட் நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தது. தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்திருந்தது. குளிரில் இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

வாசலில் துக்கக் கூடாரம் போட்டார்கள். பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொன்னார்கள். மகள் சொல்ல வேண்டிய அடிகள் வந்தபோது பெரிசாத்துக்கு வாய் திறக்கவில்லை. அத்தை அவளுக்காகச் சொன்னாள்.

மம்பெதாலி வந்தார். எல்லாரும் எழுந்து உள்ளே தோரைக் காட்டினார்கள். அவர் போகவில்லை. வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எவ்வளவோ சொல்லியும் எழவில்லை.

"மகளே" என்றார் பெரிசாத்திடம். "எனக்குக் கீழ ஏதோ துடிச்சுக்கிட்டே இருந்துது. பயத்துல என் உடம்புதான் நடுங்குதுன்னு நெனச்சேன். போனுன்னு தெரியாமப் போச்சும்மா."

அவள் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

கோட்டைக் காயப்போட்டாள். போனுக்குத் தினமும் சார்ஜ் ஏற்றினாள். ஏன் என்று தம்பி கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை அது துடித்தது.

"சகினாலி அண்ணே! என்ன ஆளையே காணோம்? போன வியாழக்கிழமை வர்றேன்னீங்க!" கரகோல் தையல்காரியின் குரல்.

"நான் அவரோட பொண்ணு."

"ஓ, லிஃப்ட்டு எஞ்சினியரா? உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருந்தாரு. எம் பொண்ணு தகடு கொண்டாந்திருக்கா, நாளைக்கு அடிக்க விடப்போறேன், பாவம் ஆசைப்படுறா, ஆனா விரிப்புதான் வேலை செய்யும்னு சிரிச்சாரு. எங்க அவரு, படகுலயா?"

பெரிசாத் கொடியில் கிடந்த கோட்டின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

"சரி சரி, வந்தாச் சொல்லு. ஓரமெல்லாம் புதுசாத் தச்சாச்சு. நாலு மூலையிலயும் கட்டுக்கயிறு கேட்டாரு, வச்சிருக்கேன். சம்பந்தி வீட்டுலருந்து கனமான ஆளு ஒருத்தரு வர்றாரு, கெட்டியாத் தையின்னு அத்தனை தடவை சொன்னாரு. இப்ப வந்து வாங்காமக் கிடக்கு. என்னைக்கு வருவாரு?"

"சொல்றேன் அக்கா" என்றாள்.

கரகோலுக்குக் கடைமுனையிலிருந்து காலை எட்டு மணிக்கு ஒரு வேன் உண்டு. இரண்டரை மணி நேரப் பயணம். தினமும் அது ஹாரன் அடித்துவிட்டுப் போவது வீட்டுக்குக் கேட்கும். விரிப்பு இன்னும் தையல்காரி வீட்டில்தான் இருக்கிறது.