வைரஸ் வளர்க்கும் அக்கா

என் அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் மாமா முந்திக்கொண்டு, "வைரஸ் வளர்க்கிறா" என்பார். கேட்டவர் ஓரடி பின்னால் நகர்வார். மாமாவுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு எரிச்சலாக வரும். கட்டிய மனைவியின் வேலையை நாலு பேருக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனிதர். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாது. அடிபடவே வேண்டாம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூட்டுக்குள் கசியும். ரத்தத்தை உறையவைக்கும் புரதத்தைக் கல்லீரல் செய்ய வேண்டும்; அதற்கான மரபணு என்னிடம் பழுது. அந்தப் புரதத்தை ஏற்றும் ஊசியோடுதான் வாழ்க்கை. சின்ன வயதிலிருந்தே அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்குள் நுழைந்ததும் தோள்பையைக்கூட இறக்காமல் என் வலது முழங்காலில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். சூடாக இருந்தால் உள்ளே கசிகிறது என்று அர்த்தம். எனக்கே தெரியாதபோதும் அவள் கைக்குத் தெரிந்துவிடும். கல்யாணமான பிறகும் என்னைத் தன் வீட்டு முன்னறையிலேயே வைத்துக்கொண்டாள், நான் படியேறக் கூடாதாம். "ஒண்ணு கட்டினா ஒண்ணு இலவசம்னு அப்பவே போர்டு வெச்சிருக்கணும்" என்று மாமா இன்றுவரை சொல்லிக்காட்டுவார். என் மூக்குக்கண்ணாடிக் கடைக்குத் தினமும் வண்டியில் கொண்டுபோய் விடுவதும் அவர்தான்.

அக்கா வேலை செய்யும் தொழிற்சாலையில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு மருந்து தயாராகிறது. அதற்கு ஒரு சாதுவான வைரஸை எடுத்துக்கொள்கிறார்கள். அதன் உள்ளே இருப்பதை வழித்தெடுத்துவிட்டு, அங்கே பழுதில்லாத மரபணுவை வைக்கிறார்கள். மேலே இருக்கும் கூட்டைப் பொறுத்து அது போய்ச் சேரும் இடம் மாறும். அக்கா செய்வது கல்லீரலைத் தேடிப் போகும் கூடு. அங்கே போய்ச் சரக்கை இறக்கிவிட்டால் அதன் வேலை முடிந்தது, தானாகப் பெருகாது. இதையெல்லாம் செய்துகொடுப்பவை இளஞ்சிவப்புத் திரவத்தில் மிதக்கும் உயிரணுக்கள். அவற்றுக்குத் தீனி போட்டு, சூடு பார்த்து, மூச்சுக்காற்று பார்த்து வளர்ப்பது அக்கா. காலையில் நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்தாலே இன்று அவை சுகமா, முகம் சுளிக்கின்றனவா என்று சொல்லிவிடுவாள். கடைசியில் சரக்கில்லாத காலிக் கூடுகளைப் பிரித்துத் தள்ள வேண்டும். அவை அதிகமாக வந்துவிட்டால் அன்று வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது. "ஆள் இல்லாம வண்டி மட்டும் வந்து என்னடா பிரயோஜனம்?" என்று என்னிடம் பாய்வாள், நான்தான் காலி பண்ணினதுபோல.

எனக்காகத்தான் அந்த வேலைக்குப் போனாள் என்று சொன்னால் அடிக்க வருவாள். "சம்பளத்துக்குப் போறேன்டா" என்பாள். மருந்து வெளியே வந்ததும் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனவள் யாராம்?

ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "இந்த வைரஸை உங்க உடம்புக்கு ஏற்கெனவே தெரியுது. எப்பவோ வந்துட்டுப் போயிருக்கு. இப்ப மருந்தைக் கொடுத்தா கல்லீரலுக்குப் போறதுக்கு முன்னாடியே எதிர்ப்புச் சக்தி அதைப் பிடிச்சு அழிச்சிடும். உங்களுக்கு இது சரிப்படாது."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. எனக்கு ஏமாற்றம் பழகிப்போனதுதான். அக்காதான் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் என் முழங்காலைத் தொடவில்லை. வேலையிலிருந்து வந்ததும் பின்வாசல் வழியாக நுழைந்து நேரே குளிக்கப் போவாள். அப்புறம் என் அறை வாசலில் நின்று, "வலி இருக்கா?" என்பாள். அங்கேயிருந்தே போய்விடுவாள். ஒருநாள், வேலையை விடப்போவதாகத் தொழிற்சாலையில் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம்.

"எனக்கு மருந்து இல்லைன்னா ஊருக்கே இல்லையா?" என்றேன்.

"அதுக்கில்லைடா. அந்த வைரஸை நான்தான் உனக்குக் கொண்டு வந்தேன்" என்றாள்.

ரத்தச் சோதனைக்குச் சில மாதம் முன்பு நான் கடையில் விழுந்து உதடு கிழிந்த நாளைச் சொன்னாள். அன்று அவள் அறையில் ஒரு குழாய் கழன்று வைரஸ் திரவம் அவள் கையில் தெறித்திருக்கிறது. உடை மாற்றி, குளித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்பது அங்கே விதி. உடையை மாற்றினாள், கையைக் கழுவினாள். அதற்குள் நான் விழுந்த செய்தி வந்துவிட்டது. குளிக்காமல் ஓடி வந்துவிட்டாள்.

"உன் உதட்டை இந்தக் கையாலதான் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

டாக்டரம்மாவிடம் பேசவைத்தேன். அப்படி வர வாய்ப்பே இல்லை, நிறையப் பேருக்குச் சின்ன வயதிலேயே தெரியாமல் வந்துபோகும் வைரஸ்தான் இது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அக்கா போனை வைத்துவிட்டு, "வாய்ப்பு இல்லைன்னுதானே சொன்னாங்க, வரலைன்னு சொல்லலையே" என்றாள். அவள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்பு எனக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது கொஞ்சம் ரத்தம் எடுத்து உறைபெட்டியில் வைத்திருந்தார்கள். அக்கா அப்போது பால் கம்பெனியில் இருந்தாள், இந்த வைரஸின் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

"அந்தப் பழைய ரத்தத்தைப் பாருங்க டாக்டர்" என்றேன்.

"பாத்தாலும் உங்களுக்கு ஒண்ணும் மாறாதே?"

"எனக்கு மாற வேண்டாம். எங்க அக்காவுக்கு மாறணும்."

அவர் ஒரு தாளில் என் பெயரைக் குறித்துக்கொண்டார். "அது சுத்தமா இருந்துட்டா அவங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?" என்றார்.

சுத்தமாக இருந்துவிட்டால் என் ஆயுசுக்கும் அவள் என் அறைக்குள் கால் வைக்கமாட்டாள். இருந்தாலும் பார்க்கச் சொன்னேன். முடிவு வரும்வரை கடையில் ஒருவருக்கும் சரியான கண்ணாடி மாட்டியிருக்கமாட்டேன்.

பழைய ரத்தத்திலும் அந்த வைரஸ் வந்துபோன தடம் இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

"நீ பால் கம்பெனியில பாக்கெட் அடுக்கிட்டு இருந்தப்பவே எனக்கு வந்து போயிருக்குக்கா" என்றேன். நம்பவில்லை. டாக்டரம்மாவை மறுபடி கூப்பிட்டு, தன் காதாலேயே கேட்ட பிறகுதான் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். மாமா, "அப்ப நாளைக்கு வைரஸுக்கு யாரு தீனி போடறது?" என்று கேட்டுவைத்தார். அழுகைக்கு நடுவிலேயே அவரை முறைத்தாள். எனக்கு அந்த மருந்து கிடையாது என்பது அன்று இரண்டாம் முறை உறுதியானது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

மறுநாள் வேலைக்குப் போனாள், விடப்போவதாகச் சொன்னதை வாபஸ் வாங்கிவிட்டாள். அந்த மருந்து வாய்க்காத தம்பியை வீட்டில் வைத்துக்கொண்டு, யார் யாருக்கோ கூடு செய்யப் போகிற மனசு எனக்கு இருந்திருக்குமா? நிச்சயமாக இருந்திருக்காது.

சாயங்காலம் முன்வாசல் கதவு திறந்தது. தோள்பையோடு நேரே என் அறைக்குள் வந்து, குனிந்து, என் வலது முழங்காலில் புறங்கையை வைத்தாள்.

"லேசா சூடா இருக்கே. சொல்ல மாட்டியாடா?" என்றாள். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் ஊசி எடுக்கப் போனாள்.