சித்தி தோற்ற பரீட்சை

நான்காம் வகுப்பு படித்தபோது எனக்கு ஒரு மாணவி இருந்தாள். என்னைவிடப் பதினாறு வயது பெரியவள். என் சித்தி.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு இந்து விவசாயக் குடும்பத்திலிருந்து சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தவள். யாரும் வற்புறுத்தவில்லை. இரண்டு வருஷம் எங்களோடு சர்ச்சுக்கு வந்தபின் அவளாகவே ஞானஸ்நானம் கேட்டாள். எங்கள் சபையில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் கொடுக்கும் அன்றைக்கே, எல்லோரும் பார்த்திருக்க, ஐயர் கேள்வி கேட்பார்; பாதிரியாரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தடுமாறினால் அடுத்த தடவைதான். சித்தி ஏற்கெனவே ஒரு முறை பயத்திலேயே ஜுரம் வந்து படுத்துவிட்டாள்.

சர்ச்சில் நடக்கும் பைபிள் வசனப் போட்டியில் மூன்று வருஷமாக நான்தான் முதல் பரிசு. ஷீல்டுகள் டிவிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. கடவுளுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஷீல்டு சும்மா கொடுப்பார்களா? அதனால் சித்தியைப் பாஸ் பண்ணவைக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

கோடை லீவு முழுக்க வேங்கிக்காலில் சித்தப்பா வீட்டிலேயே இருந்தேன். பத்துக் கட்டளைகளை நான் சொல்லச் சொல்ல, சித்தி செல்போனில் பதிவு செய்துகொண்டாள். மல்லாட்டைக் கடலை உரிக்கும்போதும் குழம்பு வைக்கும்போதும் அது ஓடும். குக்கர் விசில் அடித்தால் ஒரு கட்டளை காணாமல் போகும்.

"உன் கொரலு நல்லாத்தான் இருக்கு பாப்பா, என் மண்டையிலதான் நிக்க மாட்டேங்குது" என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. என் மாணவி ஃபெயிலானால் என் மானம் என்ன ஆவது?

ஞானஸ்நானம் குறித்திருந்த ஞாயிற்றுக்கிழமை ஐயர் பத்துக் கட்டளைகளைச் சொல்லச் சொன்னார். சித்தி இரண்டு சொன்னாள். மூன்றாவதில் நின்றுவிட்டாள். முதல் பெஞ்சிலிருந்து வாயசைத்துப் பார்த்தேன். அவள் திரும்பவேயில்லை. பொறுக்க முடியாமல் எழுந்து நின்று, பத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டேன். சபையே சிரித்தது.

"உக்காரும்மா, உன்னைக் கேக்கல" என்றார் ஐயர்.

சித்திக்கு வியர்த்துக் கொட்டியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க ஐயரே. ஒண்ணும் ஞாபகம் வரல. எனக்காக உயிர விட்டாரு, என்ன கைவிட மாட்டாரு. அது மட்டுந்தாங்க தெரியும்." ஐயர் புத்தகத்தை மூடினார். வேறெதுவும் கேட்காமல் அவள் தலையில் தண்ணீர் ஊற்றினார்.

வெளியே வந்தவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதிரில் வந்தவர் கையையெல்லாம் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எட்டுக் கட்டளை தெரியாதவளுக்கு இத்தனை சிரிப்பா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று ஷீல்டு வாங்கியும் நான் ஒருநாள்கூட அப்படிச் சிரித்ததில்லை. அடுத்த வருஷம் வேறு யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம்தான் எப்போதும் இருந்தது. பைக்குகளுக்கு நடுவில் ஒளிந்து நின்று அழுதேன்.

சித்தி தேடி வந்து கட்டிக்கொண்டாள். அவள் ஈரத் தலை என் கவுனை நனைத்தது.

"நான் இன்னைக்குத்தான் ஆண்டவரு வீட்டுக்குள்ள வந்தேன். நீ பொறந்ததுல இருந்து உள்ளதான இருக்க? அப்புறம் ஏன் பாப்பா அழுவுற?"

அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குப் பிடிபடவேயில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டேன்.

"பத்தும் நான் சரியாச் சொன்னேனா சித்தி?"