பிடுங்கிய தென்னங்கன்றுகள்

எங்கள் குடிசை நின்ற மண் பண்ணையாருடையது. குடியிருக்கிறவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்துவிட்டதாக நீடாமங்கலத்தில் மேடை போட்டுச் சொன்னார்கள். ஆட்சி மாறியது, மேடையில் கொடியும் மாறியது. பட்டா மட்டும் எங்கள் தெருப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பண்ணையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வாசலில் பூசணி போடலாம், அவரை ஏற்றலாம். தென்னை மட்டும் கூடாது. நின்று காய்க்கிற மரம் வைத்தால் மண்ணில் பாத்தியதை வந்துவிடுமாம். அம்மா ஆடிப்பெருக்கு தவறாமல் ஒரு தென்னங்கன்று நடுவாள். பண்ணையின் காரியக்காரர் வந்து பிடுங்கிப் போடுவார். "வேரோட எடுத்துட்டேன், பாத்துக்க!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பெருமை வேறு. அம்மா கன்றை எடுத்துக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டு, திங்கட்கிழமை மனுவோடு தாலுகா ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவாள். அந்தப் பொறுமை எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

"நீ நடறதும் அவரு பிடுங்கறதும்... வெக்கமா இல்லையாம்மா?" என்று ஒருநாள் கத்தினேன். கத்தியதோடு விட்டேனா? எரவாணத்திலிருந்து ஒரு காய்ந்த கன்றை உருவி அடுப்பில் வைத்தேன்.

"ஆத்திரம் தீந்துச்சா? சரி, உலைய வை" என்றாள் அம்மா.

எட்டாவது கன்றும் போன பிறகு ஒருவழியாக சர்வேயர் வந்தார். காரியக்காரர் முந்திக்கொண்டார். "இவங்க போன வருசம் வந்தவங்கங்க. பாவமேன்னு ஒண்ட இடம் குடுத்தோம்."

அடப்பாவி! அம்மாவோ நிதானமாகக் காய்ந்த கன்றுகளைக் கொண்டுவந்து சர்வேயர் முன்னால் வரிசையாகப் போட்டாள்.

"ஆடிக்கு ஒண்ணுங்க. எட்டு வருசமா நடறேன், இவரு பிடுங்குறாரு."

"ஏழுதானேம்மா இருக்கு? இடிக்குதே."

குறைந்த ஒன்று நான் அடுப்பில் வைத்தது.

"எட்டுதாங்க! எட்டையும் நான்தானே வேரோட எடுத்தேன்" என்றார் காரியக்காரர், பழக்கதோஷத்தில். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். தெருவே சிரித்தது. சர்வேயர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் பட்டா கைக்கு வர மூன்று வருடம் ஆயிற்று. அந்த மூன்று ஆடிக்கும் அம்மா நட்டாள், அவர் பிடுங்கினார்.

பட்டா வாங்கி வந்தது மார்கழியில். பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு, சாப்பிடக்கூட இல்லை, அம்மா வாசலில் குழி வெட்ட ஆரம்பித்தாள்.

"ஆடி வரட்டுமேம்மா. அப்படி என்ன அவசரம்?"

"பதினோரு வருசம் பொறுத்தாச்சுடி" என்றாள், மண்வெட்டியை நிறுத்தாமலே. "இன்னிக்கு எனக்கு அவசரந்தான்."