வெள்ளையடித்த கோழிக்கூடு

அந்தத் தோசைத்திருப்பி என் மேசையின் இரண்டாம் இழுப்பறையில், பழைய நாட்குறிப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீளம் ஒரு முழத்துக்கு நாலு விரல் குறைவு. தகட்டின் வலது மூலை கூராக இருக்கிறது. இடது மூலை தேய்ந்து வளைந்துவிட்டது. தோசைக்கல்லில் தேய்ந்திருந்தால் விளிம்பு முழுக்க ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். இது மூங்கில் பிளாச்சுகளின் இடுக்கில் தேய்ந்தது. என் அக்கா இடக்கைக்காரி. இரண்டு வருடம், ஒரு நாள் தவறாமல், இதைக் கொண்டுதான் கோழிக்கூட்டைச் சுரண்டினாள்.

சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியான வருடம் நான் திருத்தணிக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. நான் குமாஸ்தாவாக இருந்த கம்பெனியைப் பூட்டி, சொல்லி அனுப்பும்போது வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா வீட்டைத் தவிர எனக்குப் போக இடமில்லை. அக்காவின் கணவரை, அந்தப் பக்கத்து வழக்கப்படி, பாவா என்றுதான் கூப்பிடுவேன். பொதட்டூர்பேட்டையில் தறி நெய்துகொண்டிருந்தவர். நெஞ்சில் சளி கட்டி, இருமலில் ரத்தம் வர ஆரம்பித்ததும் தறியை விட்டு, ஆஸ்பத்திரியும் ரயிலும் இருக்கிற ஊர் என்று திருத்தணிக்குக் குடிவந்திருந்தார். சரவணப் பொய்கைக்குப் போகும் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டு. ஓர் அறை, ஒரு சமையல் சார்ப்பு, ஒரு முருங்கை மரம், பத்தடி முற்றம். பிள்ளைகள் இல்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் பாவாவுக்குச் சொன்னது மூன்று: நல்ல காற்று, பால், தினம் இரண்டு முட்டை. காற்றுக்கு மலை இருந்தது. பால் பக்கத்துத் தெருவில் கிடைத்தது. முட்டைதான் கிடைக்கவில்லை. சுற்று வட்டாரத்தில் இடுகிற முட்டையெல்லாம் கூடை கூடையாக ரயிலேறிப் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அதனால் அக்கா பொதட்டூர்பேட்டையிலிருந்து ஐந்து பெட்டைகளையும் ஒரு சேவலையும் மூங்கில் கூடையில் சுமந்து வந்து வளர்த்தாள். மலைக்குப் போகிறவர்கள் நடக்கிற தெருவில் கோழி வளர்ப்பது சுலபமில்லை. முன்கட்டில் இருந்த வீட்டுக்காரம்மா ஆடிக் கிருத்திகைக்கும் மற்றக் கிருத்திகைகளுக்கும் காவடி எடுத்து வருகிறவர்களைத் தங்கவைப்பவர். விரதக்காரர்கள் தலைமுறையாக அந்த வீட்டில்தான் இறங்குவார்கள். ஆனாலும் பாவாவின் முகத்தைப் பார்த்து அவர் சம்மதித்தார்.

"மருந்துக்குன்னு சொல்ற, நான் வேணாம்னு சொல்லல. ஆனா என்னிக்கு நாத்தம் முன்கட்டுக்கு வருதோ, அன்னிக்கே கோழி வெளிய போயிடணும். காவடியைத் தூக்கிகினு வர்றவங்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது, பார்த்துக்கம்மா."

அக்கா அதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாளாம். "ஆங்."

நான் போனபோது அந்த ஏற்பாடு இரண்டாம் வருடத்தில் இருந்தது. ஒரு மரப்பெட்டியின் பக்கங்களைப் பிடுங்கிவிட்டு, மூங்கில் பிளாச்சுகளை விரல் இடைவெளி விட்டுக் கட்டியிருந்தாள். அடியும் பிளாச்சுதான். கூடு நாலு கல்லின் மேல் நின்றது. எச்சம் கீழே விழும். கீழே ஒரு பழைய தகரம், அதில் இரண்டு விரல் கனத்துக்குச் சாம்பல். விடியும்போதே கோழிகளைத் திறந்துவிட்டு, பிளாச்சுகளைத் திருப்பியால் சுரண்டி, தகரத்தை இழுத்துச் சாம்பலோடு முருங்கை மரத்தடிக் குழியில் கொட்டி, மேலே மண் தள்ளுவாள். ஆறிய சாம்பலைச் சலித்துப் புதிதாகப் பரப்புவாள். கோழி குடிக்கிற சட்டியைக் கூட்டுக்குள் வைக்கவே மாட்டாள். மரத்துக்கு அந்தப் பக்கம்தான். பேன் சேராமல் இருக்க நொச்சித் தழை. வெயில் வந்ததும் கூட்டையே பக்கவாட்டில் சாய்த்துக் காயவைப்பாள். ஒரு சொட்டுத் தண்ணீர் அதன்மேல் பட விடமாட்டாள். எல்லாம் முடிந்ததும் முழங்காலிட்டு, பிளாச்சில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து, மூச்சை இழுத்துப் பார்ப்பாள்.

"என் மூக்குக்கு வரலன்னா ஊரு மூக்குக்கு வராது" என்பாள்.

பாவா கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "மச்சான், உங்க அக்கா என்னை ஒருநாளும் இப்படி மோந்து பார்த்ததில்ல. இந்த வீட்ல புருஷன் நானா அந்தச் சேவலான்னே தெரியல" என்பார். "சேவலு இருமறதில்ல" என்று அக்கா திரும்பாமலே சொல்வாள். அவர் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடிப்பார். ஆனாலும் அந்தக் கோடையில் அவருக்குக் கழுத்தெலும்புக் குழி கொஞ்சம் நிரம்பியிருந்தது. தடி இல்லாமல் பொய்கை வரை போய்விட்டு வந்தார். மூன்று வாரம் ரத்தம் வரவில்லை. நாட்குறிப்பில் இருக்கிறது, நான்தான் எழுதினேன்.

எனக்கு அந்தக் கூட்டைப் பார்த்தால் பிடிக்காது. இதைச் சொல்லியாக வேண்டும். எதுவும் வரிசையாக, வெள்ளையாக, துடைத்தது போல இருக்க வேண்டும் என்பது என் சுபாவம். அந்தக் கூடு எப்போதும் சாம்பல் பூத்து, பழுப்பேறி, பிச்சைக்காரன் மூட்டை மாதிரி இருக்கும். நாற்றம் இல்லைதான். ஆனால் சுத்தமாக இருப்பதாக என் கண் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருமுறை, "தண்ணீர் விட்டுக் கழுவினால் என்ன அக்கா?" என்று கேட்டேன். "ஈரம் சேர்ந்தாத்தான்டா நாறும். காய்ஞ்சிருந்தா மலையே எச்சமா கெடந்தாலும் நாறாது" என்றாள். நான் அதைப் படிக்காதவள் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆடிக் கிருத்திகைக்கு ஐந்து நாள் இருக்கும்போது பொதட்டூர்பேட்டையில் பாவாவின் பெரியம்மா இறந்துபோனதாக ஆள் வந்தது. பாவாவால் போக முடியாது, அக்கா போனாள். புறப்படும்போது வாசலில் நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சாம்பல் போடு, சுரண்டு, காயவை. அவ்ளோதான் தம்பி. நீயா ஒண்ணும் செய்யாத."

மூன்று நாள் அப்படியே செய்தேன். நாலாம் நாள், கிருத்திகைக்கு முந்தின நாள், வீட்டுக்காரம்மா முன்கட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்திருந்தார். திருவிழாவுக்கு வருடா வருடம் செய்வது. காலையில் சுண்ணாம்புக் கல்லை நீற்றி, மத்தியானத்துக்குள் சுவர்கள் பளீரென்று நின்றன. தொட்டியில் பாதிக்குமேல் சுண்ணாம்பு மீந்துவிட்டது. வீட்டுக்காரம்மா பின்கட்டை எட்டிப் பார்த்து, "நாளைக்கு விடியக்காலம் காவடிக்காரங்க வந்துடுவாங்க தம்பி. உங்க அக்கா வேற இல்ல. கோழியைக் கொஞ்சம் கவனிச்சுக்கோ" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியெல்லாம் நானே செய்தது.

கோழிகளை விரட்டிவிட்டு ஆறு குடம் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். பிளாச்சுகளின் இடுக்கில் ஊறிக் கிடந்ததெல்லாம் குழைந்து அடிமரத்தில் இறங்கியது. கழுவிப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். நாற்றம் முன்கட்டுப் பக்கம் போகக்கூடாது என்று பக்க இடைவெளிகளைச் சாணியும் மண்ணும் குழைத்து அடைத்தேன். உள்ளும் புறமும் இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு. தகரத்திலிருந்த சாம்பலைக் குழியில் கொட்டிவிட்டு, அதற்குப் பதிலாகச் சுண்ணாம்பையே கெட்டியாக விரித்தேன். சாயங்காலம் தூறல் போட்டது. காய்வதற்குள் கோழிகளை உள்ளே அடைத்து, நனையாமல் இருக்கக் கூட்டின்மேல் சாக்கை இழுத்துப் போர்த்தினேன். தள்ளி நின்று பார்த்தேன். மலைக்கோயில் மதில் மாதிரி வெள்ளையாக இருந்தது. பாவாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கோழிக்குக் கலியாணமா மச்சான்?" என்றார். அன்றைய குறிப்பில் நான் எழுதியிருப்பது: 'கூடு முழுவதும் சுத்தம் செய்தாயிற்று.'

விடியற்காலை தெருவில் அரோகரா கேட்டது. முதல் காவடிகள் முன்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தன. நான் போய்ச் சாக்கை எடுத்துக் கூட்டைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஓர் ஆவி வந்து முகத்தில் அறைந்தது. வெறும் நாற்றம் என்று சொல்ல முடியாது; அமிலத்தை மோந்தது போல மூக்கைக் குத்தியது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஈர எச்சமும் பச்சைச் சுண்ணாம்பும் சேர்ந்தால் அப்படி ஓர் ஆவி கிளம்பும், காற்றாட விட்டால் போய்விடும், மூடி வைத்தால் கொல்லும் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். மூன்று பெட்டைகள் செத்துக் கிடந்தன. மற்ற இரண்டும் சேவலும் கண் வீங்கி மூடிக்கொண்டு, வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. சேவல் வெளியே வந்து சுவரில் முட்டியது, திரும்பி முருங்கை மரத்தில் முட்டியது.

நாற்றம் சந்து வழியாக முன்கட்டுக்குப் போய்விட்டது. காவடிக்காரர்களில் ஒரு பெரியவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கி நின்றார். வீட்டுக்காரம்மா பின்கட்டுக்கு வந்தார். திட்டவில்லை. செத்ததையும் உயிரோடு இருந்ததையும் பார்த்தார். "இன்னா வேலை தம்பி செஞ்சு வெச்ச?" என்றார். பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, "நான் சொன்ன சொல்லு ஒண்ணு இருக்கு" என்றார். மத்தியானத்துக்குள் செத்தவற்றைப் புதைத்தேன். குருடானவற்றை ஊருக்கு வெளியே ஒருவரிடம் விட்டுவிட்டு வந்தேன். கூட்டை உடைத்தேன்.

அக்கா மறுநாள் வந்தாள். நான் சொல்வதை முழுக்கக் கேட்டாள். கூடு இருந்த இடத்துக்குப் போனாள். நாலு கல்லுக்கு நடுவில் தரை வெள்ளையாகக் கிடந்தது. முழங்காலிட்டுக் குனிந்து மூச்சை இழுத்தாள். எழுந்தபோது என்னைப் பார்த்து, "நீ சுத்தமாத்தான் செஞ்சிருக்கடா" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்தலாகப் பேசத் தெரியும். பாவாவிடம் நாள் முழுக்கப் பேசுவாள். அது அந்தக் குரல் இல்லை. அதன்பின் தோசைத்திருப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பொழுது சாயும்வரை தரையிலிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினாள். நான் கிட்டப் போனபோது கையை மட்டும் காட்டி நிறுத்தினாள்.

பாவா ஒருவர்தான் அதைப் பற்றிப் பேசினார். "ஜப்பான்காரன் சென்னைல போடாத குண்டை நீ இங்க கொண்டாந்து போட்டுட்ட மச்சான்." சொல்லிவிட்டு என் முதுகைத் தட்டினார். ஆடி மாதம் அந்த ஊரில் முட்டை என்ற பேச்சையே யாரும் எடுக்கமாட்டார்கள். நான் ஆர்.கே.பேட்டை வரை நடந்தேன், பள்ளிப்பட்டுப் பக்கம் தெலுங்குக் கிராமங்களுக்குப் போனேன். கிடைத்தது வாரத்துக்கு மூன்றோ நாலோ. வெயிலில் சுமந்து வருவதற்குள் அதில் பாதி கெட்டுவிடும். வேறு கோழி வளர்க்க வீட்டுக்காரம்மா விடவில்லை, அக்காவும் கேட்கவில்லை. ஆவணியில் மறுபடி ரத்தம் வந்தது. ஐப்பசி மழையில் பாவா போய்விட்டார். அப்போது நான் சென்னையில் இருந்தேன்; கம்பெனி திறந்துவிட்டது. ரயில் பிடித்துப் போவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

முட்டை இருந்திருந்தாலும் அவர் பிழைத்திருக்கமாட்டார் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். அதை அன்றே எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் உள்ள பக்கங்களில், மூன்று வாரம் ரத்தம் இல்லை என்பதும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. இரண்டும் மையால் எழுதியவை. ஒன்றை வைத்து இன்னொன்றை அடிக்க என்னால் முடியவில்லை. இருபத்தைந்து வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றிப் படிக்கிறேன்.

அக்கா அதன்பின் பொதட்டூர்பேட்டைக்குத் திரும்பி, தறிக்காரர்களுக்குப் பாவு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தாள். வருடத்துக்கு ஒருமுறை போவேன். சோறு போடுவாள், ஊர்க்கதை பேசுவாள். கோழி வளர்க்கவில்லை. கோழிகளைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்த இரண்டு தடவையும் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விட்டாள். போன தையில் அவளும் போனாள். சாமான்களை ஒழுங்கு செய்யும்போது மண்பானைக்கு அடியில் இந்தத் திருப்பி கிடைத்தது. அவள் சமையலுக்கு வைத்திருந்தது வேறு ஒன்று.

இழுப்பறையிலிருந்து எடுத்து இன்று மறுபடி பார்த்தேன். தகட்டைக் கண்ணாடி போலத் துடைத்து வைத்திருக்கிறாள். பிடியும் தகடும் சேரும் ஆணியைச் சுற்றி மட்டும், நகம் போகாத இடுக்கில், வெள்ளையாக ஒரு கோடு. எதையும் அழுக்காக விடாத கை அவளுடையது. அதை மட்டும் விட்டிருக்கிறாள். மூக்கருகே கொண்டுபோய் மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒரு நாற்றமும் வரவில்லை. ஊசியால் அந்தக் கோட்டை எடுத்துவிடலாம். எடுக்காமல், தேய்ந்த மூலை உள்பக்கம் இருக்கும்படி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.