ஏழாம் மேசையின் பீப் சத்தம்

சூளகிரியைத் தாண்டியிருக்கும் எங்கள் தொழிற்சாலையில், ஏழாம் மேசை அக்கா ஸ்கேன் செய்த பாகங்கள் மூன்று நாளாக எண்ணிக்கைத் திரையில் ஏறவில்லை. அவர் வேலையே செய்வதில்லை என்று சூப்பர்வைசர் முடிவு கட்டிவிட்டார். "திங்கக்கிழமையிலிருந்து வேற ஆளை அனுப்பச் சொல்லிட்டேன்" என்று சனிக்கிழமை காலையில் என்னிடம் சொன்னார். அக்கா ஒப்பந்தத் தொழிலாளி. கான்ட்ராக்டருக்கு ஒரு புகார் போனால் போதும்.

"ஒவ்வொண்ணுக்கும் பீப் சத்தம் வந்துச்சுங்க சார்" என்பதையே அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார்.

மென்பொருள் என் பொறுப்பு. ஸ்கேன் செய்ததும் ஒரு செய்தி கிளம்பி, செய்திகளை வாங்கிக் கைமாற்றும் சர்வருக்குப் போய், அங்கிருந்து திரைக்கு வர வேண்டும். புதன்கிழமை இரவுதான் புதிய சர்வர் ஒன்றையும் ஏழாம் மேசையின் நிரலையும் ஒரே கணினியில் கன்டெய்னர் என்னும் தனித்தனி மென்பொருள் பெட்டிகளில் வைத்திருந்தேன். ஒரே வீட்டைச் சுவர் வைத்து இரண்டு அறையாக்குவது மாதிரி. மற்ற மேசைகள் பழைய ஏற்பாட்டிலேயே இருந்தன. அந்த அக்கா எதற்கும் குறை சொல்ல மாட்டார், அதனால் சோதனைக்கு அவர் மேசை.

மூன்று நாளும் கேபிளை மாற்றினேன், நெட்வொர்க் ஸ்விட்சைத் திட்டினேன். சர்வரைத் தொட்டுப் பார்க்கும் பிங் போனது, செய்தி நுழையும் போர்ட் திறந்திருந்தது, என் சோதனைச் செய்தி சமர்த்தாகப் போய்ச் சேர்ந்தது. வாங்கி வைத்த டீயெல்லாம் ஆடை கட்டிக் கிடந்தது. இந்த வேலையே வேண்டாமென்று தோன்றிவிட்டது.

சனிக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால்தான் உறைத்தது. என் சோதனையை நான் சர்வர் இருந்த கன்டெய்னருக்குள்ளேயே செய்துகொண்டிருந்தேன். வெளியிலிருந்து வரும் நிரலிடம், "இனி இந்த முகவரிக்கு அனுப்பு" என்று சர்வர் சொல்லும். அந்த முகவரியில் நான் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதியிருந்தேன். கேட்பவர் எங்கிருக்கிறாரோ அதே இடம் என்று அதற்கு அர்த்தம். ஏழாம் மேசையின் நிரல் தன் கதவையே தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுச் செய்திகளைக் கைவிட்டிருக்கிறது. பீப் சத்தம் ஸ்கேனர் படித்ததற்கு மட்டும்தான், அக்கா சொன்னது உண்மை. ஒரே ஒரு வரி. நான் எழுதிய வரி.

திருத்தியதும் திரையில் எண்ணிக்கை ஏறியது. "நெட்வொர்க் பிரச்சினைன்னு எழுதி முடிச்சிடுங்க சார்" என்றார் சூப்பர்வைசர். எங்கள் அறிக்கைகளில் வழக்கமே அதுதான், இன்ஜினியரின் பெயர் வராது. அக்கா மேல் போன புகாரில் மட்டும் அவர் பெயர் இருந்தது. வெட்கமாக இருந்தது. தவறு என்னுடையது என்று என் பெயரைப் போட்டே எழுதி, கான்ட்ராக்டருக்கும் அனுப்பினேன். வீரமெல்லாம் இல்லை, அலுத்துப் போயிருந்தேன்.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் மேசையை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"பரவால்லைங்க சார். அடுத்த வாட்டி டெஸ்ட் பண்றதுன்னா, சத்தம் போடற ஆளாப் பாத்துப் பண்ணுங்க."