கதவுக்கு வெளியே உட்கார்ந்தவர்

நோயாளிகளுக்கு உடம்பு துடைத்துவிட்டு, படுக்கை விரிப்பு மாற்றுவது ஆஸ்பத்திரியில் எங்கள் வேலை. நானும் அக்காவும் பல வருடமாக ஒரே ஷிப்ட். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, வயதில் மூத்தவள், அவ்வளவுதான். சலவையிலிருந்து வரும் விரிப்புகளை ஒரு ஆள் தனியாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, நெருங்கி வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். நெருங்கும்போது ஒரு வாக்கியம், விலகும்போது ஒரு வாக்கியமாக அக்காவின் குடும்பக் கதை முழுக்க என்னிடம் வந்து சேர்ந்தது.

அவள் வீட்டுக்காரர் பிரிட்ஜ் மெக்கானிக். "எங்க வீட்டு ஊமைக்கோட்டான்" என்றுதான் அவரைச் சொல்வாள். பழுதான மோட்டாரின் முனகலைக் காது கொடுத்துக் கேட்பவர், பெண்டாட்டி பேசினால் 'ம்' என்பதோடு சரி. மகளைக் கட்டிக்கொடுத்து வேறு ஊருக்கு அனுப்பிய பிறகு அந்த வீட்டில் டிவி மட்டும்தான் பேசியது. மனிதர் குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை.

"குறைன்னு சொல்ல ஒண்ணுமே இல்லடி, அதான் குறை" என்பாள் அக்கா.

படுக்கை விஷயத்தையும் அவள் மறைக்கவில்லை. "லைட்டை அணைப்பாரு, வேலையை முடிப்பாரு, திரும்பிப் படுத்துக்குவாரு. ரிப்பேருக்கு வந்துட்டுப் போற மாதிரி." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் கொரோனா வந்தது. எனக்குக் கைக்குழந்தை இருந்ததால் என்னைப் பொது வார்டிலேயே விட்டுவிட்டு, அக்காவைத் தொற்று வார்டில் போட்டார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டிலும் தனி அறையில்தான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு. குளியலறையோடு சேர்ந்த படுக்கையறையை அவள் எடுத்துக்கொண்டாள், அவர் கூடத்துக்கு மாறினார். நடுவில் இருந்த கதவு சாத்தியே கிடந்தது. ஊரடங்கில் அவருக்கும் வேலை கிடையாது. அவரே ஏதோ சமைத்து, கதவருகே ஸ்டூலில் தட்டை வைப்பார். கதவைத் தட்டிவிட்டுத் தள்ளிப் போய்விடுவார்.

முதலில் 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டேன்' என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை. ஒருநாள் வார்டில் அக்கா வயதுள்ள ஒரு பெண் இறந்துபோனாள். அக்கா வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்தபோது கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கும் சத்தம்.

"அழுதியா?"

"இல்லையே. குளிச்சேன்."

"தண்ணிச் சத்தம் வேற, அழுகைச் சத்தம் வேற. அதுகூடவா எனக்குத் தெரியாது?"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாற்காலி கதவருகே வந்துவிடும். இத்தனை வருடம் அந்த மனிதர் வார்த்தைகளை எங்கே பூட்டி வைத்திருந்தாரோ! பெண் பார்க்க வந்த அன்று பயத்தில் அவளை நிமிர்ந்தே பார்க்கவில்லையாம், தேநீர் கொடுத்த கையை மட்டும்தான் பார்த்தாராம். மகளை அனுப்பிவைத்த அன்று வேலை இருப்பதாகப் பொய் சொல்லிவிட்டுப் போய், பட்டறையில் உட்கார்ந்து அழுதாராம். ஒருநாள் கேட்டிருக்கிறார்: "என்கூட இருந்ததுல உனக்குச் சந்தோஷம் இருந்துச்சா? நான் கேட்டதே இல்லையே."

எதைக் கேட்கிறார் என்று அக்காவுக்குப் புரிந்தது. முகம் தெரியாத தைரியத்தில் அவளும் உள்ளதைச் சொன்னாள். "இன்னும் கொஞ்சம் மெதுவா இருந்திருக்கலாம்." அந்தப் பக்கம் அவர் சிரித்தார். இவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இதைப் போனில் என்னிடம் சொல்லும்போது அவள் குரலே மாறியிருந்தது. புதுசாகக் கல்யாணமானவள்கூட அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

தொற்று குறைந்தது. வார்டை மூடி, அக்காவைத் திரும்ப எங்களிடமே அனுப்பினார்கள். இனி வீட்டில் சகஜமாக இருக்கலாம் என்று சொல்லியும் விட்டார்கள். முதல் நாள் விரிப்பு மடிக்கும்போது நான் கிண்டலாகக் கேட்டேன்: "கதவு திறந்தாச்சா?"

"இல்லடி. இன்னும் அந்த வார்டுலதான் இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கென்ன பைத்தியமா? மனுஷன் அங்க காத்துக்கிட்டுக் கெடக்காரு!"

"கதவைத் திறந்தா பழையபடி 'ம்' கொட்ட ஆரம்பிச்சுடுவாரு. எனக்கு இந்த மனுஷன் வேணும். கொஞ்ச நாள் போகட்டுமே."

கொஞ்ச நாள் என்றவள் மாசக்கணக்கில் இழுத்தாள். வேலை முடிந்து போனதும் குளித்து, தலை வாரி, இருப்பதில் நல்லதாக ஒன்றை உடுத்திக்கொண்டு சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் உட்காருவாளாம். பார்க்க ஆள் இல்லாத அலங்காரம். அவர் தினமும் பேச்சைத் தொடங்குவது ஒரே கேள்வியில்தான்: "மூச்சு நல்லா விட முடியுதா?" பேச்சு முடியும்போது, "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்பார். ஆசையில் கேட்கிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடைகள் திறந்து அவருக்கு மறுபடி வேலை வர ஆரம்பித்தது. மூடிக் கிடந்த தொற்று வார்டின் பிரிட்ஜைச் சரிபார்க்க எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்தே அவரைக் கூப்பிட்டார்கள். நான் அந்த வழியாக வந்தபோது வார்டு வாசலில் நின்றிருந்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, பாதி ஆளாகியிருந்தார். உள்ளே கட்டில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள்.

"நோயாளிங்கள்லாம் எங்க?" என்று காவலாளியிடம் கேட்டார்.

"இதை மூடி மாசக்கணக்கா ஆச்சே. இங்க வேலை செஞ்சவங்க எல்லாரும் பழைய இடத்துக்கே போயாச்சு."

அவர் பிரிட்ஜை ஒழுங்காகச் சரிசெய்தார். கருவிப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அக்கா மாடியில்தான் இருந்தாள். அவளைப் பற்றி அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. நான் ஓடிப்போய் அவளிடம் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அக்கா கதவை அகலத் திறந்து வைத்து, அவருடைய தலையணையை எடுத்துப் பழைய இடத்தில் போட்டாள். அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இவள் எதிரில் போய் நின்றாள். இத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"திட்டவாவது செய்யுங்க."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ செத்துப்போயிடுவியோன்னு பயந்துதான் தினம் அங்க உட்கார்ந்தேன். இன்னைக்குத்தான் கடைசியோ, இன்னைக்குத்தான் கடைசியோன்னு நெனச்சு, மனசுல கெடந்ததை எல்லாம் சொல்லித் தீர்த்துட்டேன். நீ உள்ள சுகமா உட்கார்ந்து கேட்டிருக்க."

"பயத்துல மட்டுமா பேசுனீங்க?"

"தெரியல. பயம் போனதும் பேச்சும் போயிடுச்சு."

ஒரு மனிதனைத் தினம் தினம் பயத்தில் துடிக்கவிட்டு அதில் சுகம் கண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டாள். "சரி விடு" என்றார். நிஜமாகவே விட்டுவிட்டார். கோபித்துக்கொண்டு தனியே படுக்கவில்லை, சாப்பாட்டில் குறை சொல்லவில்லை, வேலைக்கு ஒழுங்காகப் போய்வருகிறார். பக்கத்தில்தான் படுக்கிறார். தொட்டால் விலகுவதில்லை, தானாகத் தொடுவதும் இல்லை. எது கேட்டாலும் 'ம்'.

எனக்கு அவள்மேல் கோபம்தான். ஒரு பொய்யை உரிய நேரத்தில் நிறுத்தத் தெரியாதவள் என்று பலமுறை நேரிலேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் போன வாரம் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தபோது அவள் தன் நெற்றியைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னக்கா, உடம்பு சுடுதா?"

"இல்லடி" என்றாள். "சுட்டாத்தான் தேவலையே. ஒரு காய்ச்சலாவது வந்தா அவரு மறுபடி பேசுவாரான்னு பார்க்கிறேன்."