எட்டாவது கேள்வி

மழை பெய்யாத ஊரில் குடை விற்கிறவனாவது வெயிலுக்கு ஆகும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். வீட்டு இன்சூரன்ஸ் விற்கிறவனுக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது.

ஓமானில், மஸ்கட் நகரத்து ரூவிப் பேட்டையில் ஒன்பது வருஷம் நான் அந்த வேலைதான் பார்த்தேன். நான் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் இல்லை, புரோக்கர் ஆபீஸ் ஆள். பத்துக் கம்பெனிகளின் படிவங்களைப் பையில் வைத்துக்கொண்டு, யாருக்கு எது மலிவோ அதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். கார் இன்சூரன்ஸுக்குச் சட்டம் இருப்பதால் ஆள் தானாக வரும். வீட்டுக்கு அப்படிச் சட்டம் இல்லை, நாம்தான் கதவைத் தட்ட வேண்டும். கமிஷன் சோறு சாப்பிடும் என் சக பாவிகளே, இன்சூரன்ஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கதவைத் திறந்தவர் முகம் போகிற போக்கை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கிரிக்கெட் மைதானம்

எங்கள் படிவத்தில் எட்டாவதாக ஒரு கேள்வி உண்டு. 'இந்த வீட்டுக்குள் எப்போதாவது வெள்ளம் வந்ததுண்டா?' ஆமாம் என்று எழுதினால் பாதிக் கம்பெனிகள் கதவைச் சாத்திவிடும். மீதிக் கம்பெனிகள் சொல்லும் தொகையைக் கேட்டால் வாடிக்கையாளர் கதவைச் சாத்திவிடுவார். 'இல்லை' என்று எழுதினால் எல்லாம் மலிவு, எல்லாம் சுகம். அதனால் என் பேனா யாரையும் கேட்காமல் அந்த இடத்தில் 'இல்லை' போட்டுவிட்டு ஒன்பதாவதுக்குப் போய்விடும்.

ஒரு பாலைவன ஊரில் இப்படி ஒரு கேள்வி ஏன் என்று நானே சிரித்திருக்கிறேன். மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் வறண்ட ஆற்றுத் தடத்துக்கு அங்கே வாதி என்று பெயர். ஊருக்கு நடுவிலேயே அகலமாகக் கிடக்கும். வெள்ளிக்கிழமை காலையில் நம் பையன்கள் அதில் மூன்று இடத்தில் ஸ்டம்ப் நட்டிருப்பார்கள். ஓரமாக ஒரு வீட்டில் குடியிருந்த சென்னை இன்ஜினீயரிடம், "வாதி பக்கத்துல இருக்கே, வெள்ளத்துக்கும் சேர்த்து எடுத்துக்குங்க" என்று கடமைக்குச் சொல்லிப் பார்த்தேன். அவர் பால்கனிக்கு அழைத்துப் போய்க் கையை நீட்டிக் காட்டினார்.

"சார், நல்லாப் பாருங்க, அது எங்க கார் பார்க்கிங்."

முராத் சாச்சா

அந்த வாதியின் கரையிலேயே இன்னும் கொஞ்சம் மேலே முராத் சாச்சாவின் வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பலூச்சிக்காரர், எல்லாருக்கும் சாச்சா, அதாவது சித்தப்பா. இந்தியில்தான் என்னோடு பேசுவார், நான் தமிழில் தருகிறேன். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு போர்ஷன். ஒன்றில் அவரும் மனைவியும், மற்றதில் வாடகைக்கு ஒரு தமிழ்க் குடும்பம். வேலை முடிந்து கிடைத்த மொத்தப் பணத்தையும் போட்டு அந்த வீட்டைப் புதுப்பித்திருந்தார். அதற்கு இன்சூரன்ஸ் வேண்டும் என்று அவராகவே ஆபீஸைத் தேடி வந்தார். என் வாழ்நாளில் தேடி வந்த ஒரே ஆள் அவர்தான்.

அவருக்குப் படிக்க வராது. நான் எழுதி முடித்ததும் ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக் காட்டச் சொன்னார். எட்டாவதுக்கு வந்தபோது கையைத் தூக்கி நிறுத்தினார். அவருக்கு ஆறு வயசாக இருந்தபோது வாதி வந்ததாம். அம்மா கட்டிலின் மேல் ஏறி, இவரைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க நின்றாளாம். "ரெண்டு பக்கமும் வந்தது. அடிச்சுட்டு எழுது" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. "சாச்சா, அது ஐம்பது வருஷத்துக்கு முந்தி. அப்ப இருந்தது ஓலை வீடு. இது சிமெண்ட் வீடு. அது வேற, இது வேற" என்று வாதாடினேன்.

"வீட்டை நான் மாத்திட்டேன் பாய். தண்ணி வர்ற வழியை யார் மாத்துனா?"

ஏறி இறங்கிய படிகள்

அந்த ஒரு 'ஆமாம்' எங்கள் இருவரையும் மூன்று வாரம் அலைய வைத்தது. ரூவியில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யாது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு கம்பெனியில் படிவத்தைப் பார்த்ததும் 'மாஃபி', கிடையாது என்று தள்ளிவிட்டார்கள். இன்னொன்றில் வெள்ளத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் தருகிறோம் என்றார்கள். "வெள்ளத்துக்குப் பயந்துதானே வந்தேன், அதை விட்டுட்டு எதுக்கு?" என்று சாச்சா எழுந்துவிட்டார். மூன்றாவது ஆபீஸில் ஏ.சி. காற்றுக்குத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். நான் எழுப்பாமல் உட்கார்ந்திருந்தேன். 'இல்லை என்று எழுதியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்குமே, பெரியவரே' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டும் இருந்தேன். பொய் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டது. அங்கே ஞானசேகர் என்று நம் ஊர்க்காரர் அதிகாரி. அவர் சொன்ன தொகை மற்றவர்கள் கட்டுவதைப் போல மூன்று மடங்கு. சாச்சா அந்த வருஷம் மெக்காவுக்கு உம்ரா யாத்திரை போகவில்லை, போக வைத்திருந்த பணத்தை இதில் கட்டினார். எனக்கே பொறுக்காமல், கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று ஞானசேகரிடம் தனியாகக் கேட்டேன்.

"உண்மையை எழுதினா இதுதான் சார் ரேட். டிஸ்கவுண்ட் எல்லாம் எழுதாதவங்களுக்குத்தான்."

பதினாலு அட்டைப்பெட்டி

சில மாதம் கழித்து சாச்சாவே என்னைக் கூப்பிட்டு, பக்கத்து போர்ஷனுக்கும் ஒரு இன்சூரன்ஸ் போட்டுக் கொடு என்றார். பழனிவேல் ஒரு ஸ்டோரில் கணக்கர், மனைவி சிவகாமி. திண்டுக்கல் பக்கம். பழனிவேலின் கான்ட்ராக்ட் ஜூலையில் முடிகிறது, நீட்டிக்க மாட்டோம் என்று விசா கொடுத்த கஃபீல் முதலாளி சொல்லிவிட்டார். பதினோரு வருஷம் போதும் என்று ஒரேயடியாகக் கிளம்புகிறார்கள். முன் அறையில் பதினாலு அட்டைப்பெட்டி கயிறு போட்டுக் கட்டி, மேலே மார்க்கரில் பெயரும் ஊரும் எழுதி, கப்பலுக்குத் தயாராக நின்றன. வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருக்கும் என்று. மிக்ஸி முதல் போர்வை வரை ஒவ்வொன்றும் ஒரு சம்பள மாதம்.

ஆனால் சிவகாமி தொட்டுத் தொட்டுக் காட்டியது பெட்டிகளை இல்லை. சாக்கைப் போர்த்தி வைத்திருந்த மூன்று மிஷின்களை. இரண்டு பவர் தையல் மிஷின், ஒரு ஓவர்லாக். ரூமில் தைத்துத் தைத்துச் சேர்த்து வாங்கியவை. "ஊர்ல அவருக்கு வேலை கிடைக்காது சார், வயசாச்சு. இந்த மூணை வெச்சுத்தான் கடை போடப் போறேன். இனிமே எங்க ரெண்டு பேர் சோறு இதுலதான்" என்றாள். கப்பல் ஏறும்வரைக்கும் ஒரு பாதுகாப்பு, அதுவும் மலிவாக வேண்டும்.

ஞானசேகரின் கம்பெனியிலேயே வீட்டுச் சாமான்களுக்கு ஒரு மலிவுத் திட்டம் இருந்தது. வெள்ளம் உட்பட எல்லாம் சேர்த்தி. வெள்ளம் வராத வீடாக மட்டும் இருக்க வேண்டும். சாச்சா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் ஒரு உண்மைக்கு மூன்று வாரம் அலைந்த காலில் இன்னொரு உண்மைக்குத் தெம்பில்லை. 'இல்லை' என்று எழுதினேன். சிவகாமி குனிந்து பார்த்து, "அந்த எட்டாவதுல என்ன சார் கேக்குறான்?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினேன். அவள் பேனாவை வாங்கிக்கொண்டு ஒரு நிமிஷம் தயங்கினாள். பழனிவேல் பின்னாலிருந்து சொன்னார்.

"சார் எழுதினா சரியாத்தான் இருக்கும். போடு."

ஜூன் மாதம்

புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். ஜனம் கடைக்குப் போய் ரொட்டியும் தண்ணீர் கேனும் வாங்கிக்கொண்டு வந்து, டி.வி. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மத்தியானத்திலிருந்து மழை. அப்படி ஒரு மழையை நான் ஊரிலும் பார்த்ததில்லை. சாயங்காலம் நாலு மணி வாக்கில் வாதி வந்தது. கார், குப்பைத்தொட்டி, மரம் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு வந்தது என்று பிறகு சொன்னார்கள். சாச்சா சுவரைத் தட்டித் தட்டிப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கிளப்பி மாடிக்கு ஏற்றியிருக்கிறார். பழனிவேலும் அவரும் சேர்ந்து இரண்டு பெட்டிகளைத் தூக்கினார்கள். மூன்றாவதுக்கு இறங்க முடியவில்லை.

ரோடு போய்விட்டதால் மூன்றாம் நாள்தான் என்னால் நடந்து போக முடிந்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குச் சேறு. சுவரில் என் மார்புக்கு நேராக ஒரு கோடு. அட்டைப்பெட்டிகள் ஊறின அப்பளமாகப் பிரிந்து கிடந்தன. சிவகாமி வாசலில் உட்கார்ந்து, கழற்றின மிஷின் பாகங்களை மடியில் வைத்துக்கொண்டு பழைய பல் பிரஷ்ஷால் மணலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மோட்டார் மூன்றிலும் மண். அழுது முடித்திருந்த முகம். என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஐயோ, அந்த வெளிச்சத்தை நான் மறக்கவே மாட்டேன்.

"இன்சூரன்ஸ் இருக்குல்ல சார்?"

இரண்டு தாள்

ஞானசேகர் மேஜைமேல் இரண்டு படிவங்களை அடுத்தடுத்து வைத்தார். ஒன்று சாச்சாவுடையது. அது பாஸாகிவிட்டது, ஒரு கேள்வியும் இல்லை. மற்றது சிவகாமியுடையது. ஒரே பிளாட் நம்பர், நடுவில் ஒரே சுவர். ஒன்றில் 'இரண்டு பக்கமும் வந்தது', மற்றதில் 'இல்லை'. இரண்டும் ஒரே ஆளின் எழுத்து. அந்த ஆள் எதிரில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் எழுதினேன். அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கீழே கையெழுத்து அவங்களோடது. நீங்க இதை எழுத்துல குடுத்தா உங்க வேலைதான் போகும். அவங்களுக்குக் காலணா வராது" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு அவரே குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனுஷர் இல்லை.

"அந்தக் காலத்துல தண்ணி என் பக்கம் மட்டும்தான் வந்துச்சு, அந்தப் பக்கம் வரலன்னு வீட்டுக்காரர் ஒரு லெட்டர் குடுக்கட்டும். நான் பாஸ் பண்ணிடறேன்."

மூடி போட்ட பேனா

லெட்டரை நானே எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பழக்கதோஷம். சாச்சா சுவரோரமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தன்னுடைய 'ஆமாம்'தான் அந்தப் பெண்ணின் வயிற்றில் அடித்தது என்று புரிந்தபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. "படி" என்றார். படித்தேன். "எங்கம்மா கட்டில் போட்டு நின்னது அவங்க இருக்கிற அந்த முன் ரூம்லதான்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "என் வீட்டுக்காக நான் பொய் எழுதல. ஆனா ஏழு வருஷமா ஒரு நோன்பு தவறாம சாயங்காலம் வடை சுட்டு அனுப்பின பொண்ணு அது. கொண்டா" என்று பேனாவுக்குக் கையை நீட்டினார். அவருக்குப் போடத் தெரிந்த ஒரே எழுத்து அவர் பெயர்தான். அதைத் தொடங்கப் பேனா முனையைத் தாளில் வைத்தார்.

சிவகாமி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது. பதினோரு வருஷத்தில் இந்தி அவளுக்கு என்னைவிட நன்றாகவே வரும். உள்ளே வந்து சாச்சாவின் விரல்களைப் பிரித்துப் பேனாவை எடுத்தாள். தரையில் தேடி மூடியை எடுத்துப் போட்டு மூடி, என் சட்டைப் பையில் செருகினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குரலை உயர்த்தாமல் தமிழில், எனக்கு மட்டும் புரியும்படி சொன்னாள்.

"நாங்க போயிடுவோம், இவர் இந்த வீட்டுலயே கெடக்கணும். இவரையும் பொய்யனாக்காதீங்க சார், நீங்க எழுதின ஒண்ணு போதும்."

ஜூலையில் இரண்டு பெட்டிகளோடு அவர்கள் கப்பலுக்கு எதுவும் போடாமலே விமானம் ஏறினார்கள். நான் அதே ரூவியில் அதே படிவத்தைத்தான் தொடர்ந்து விற்றேன், ஆனால் எட்டாவது கேள்வியை வாய்விட்டுப் படித்துக் காட்டிப் பேனாவை அவரவர் கையிலேயே கொடுத்துவிடுவதால், மலிவாகப் பிடித்துக் கொடுக்கிற ஆள் என்று எனக்கு இருந்த நல்ல பெயர் அந்த வருஷத்தோடு கெட்டுப்போயிற்று.